வினை பின்னால்

பீட்டர்மரிட்ஸ்பர்க் கடையில் ஃபூரி
அதைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து
மேசைமேல் கிடத்தியபோது
யாரோ பாதியில் வெட்டிப்போட்டது போலிருந்தது.
"கணவருக்கா?" என்றார்.
"எலிக்கு" என்றேன்.

புல்பப் என்றார்கள்.
எடையெல்லாம் தோள்பக்கம் சேர்ந்துகொள்ள
குழல்முனை மட்டும்
என் கடைத் தராசின் காலித்தட்டு போல்
தானாக மேலே எழுந்தது.
விசை முன்னால்.
வினையெல்லாம் பின்னால்,
என் கன்னத்துக்கு அடியில்,
காதுக்கு இரண்டு விரற்கடை தள்ளி.
முன்வினை பின்வினை என்று
கோயிலில் கேட்டுக் கொட்டாவி விட்டதையெல்லாம்
ஓர் அலுமினியப் பெட்டிக்குள் அடைத்து
ரசீது போட்டுத் தருவார்கள் என்று
நினைக்கவில்லை.

பன்னிரண்டாயிரத்து நானூறு ராண்ட்.
பம்ப் தனி.
மகளிடம் பாதி விலை சொன்னேன்.
பாதித் துப்பாக்கிதானே.

எனக்கு இடக்கை.
பள்ளியில் மேசை வலப்பக்கம்,
கத்தரிக்கோல் வலப்பக்கம்,
பந்தியில் பரிமாறப் போனால்
"கையை மாற்றடி லோகாம்பாள்"
என்று நாலு இலை தாண்டி ஒரு குரல்.
ஃபூரி இரண்டு திருகாணிகளைக் கழற்றினார்,
நெம்புகோலை இந்தப் பக்கம் மாட்டினார்,
"இப்போது பாருங்கள்" என்றார்.
ஐம்பத்திரண்டு வயதில்
எனக்காக இடம் மாறிய முதல் பொருள்.
அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை.

வெருலம் வந்து சேர்ந்ததும்
தீவனக் கடையின் பின்கட்டில் பம்ப்.
நூறு வரை கை போதும்.
நூற்றைம்பதுக்கு மேல் இடுப்பு, முதுகு,
மூட்டுவலிக்குப் போட்ட மாத்திரை
எல்லாம் வேண்டியிருந்தது.
கரும்புத் தோட்டம் எரிகிற வாசனையோடு
ஊர்க்காற்று
ஒவ்வொரு தள்ளுக்கும் கொஞ்சம் உள்ளே போனது.
மூட்டை இறக்கிவிட்டு வந்த ம்பூஸோ
சுற்றிச்சுற்றிப் பார்த்தான்.
"மிச்சம் எங்கே, அம்மா?"

பில்சர்ட் டப்பா. இருபது மீட்டர்.
விசையில் கொஞ்சம் சொதசொதப்பு இருக்கிறது,
மறைக்க மாட்டேன்.
இங்கே இழுப்பதை அங்கே போய்ச் சொல்ல
உள்ளே ஒரு கம்பி ஓடவேண்டும்.
வங்கிக் கண்ணாடியின் துளைவழிப் பேசுவது போல
கேட்கிறதா, கேட்கிறதா,
கேட்டுவிட்டது.

ட்ப்.

யாரோ அடுத்த அறையில் புத்தகத்தை மூடினார்கள்.
பக்கத்து வீட்டு நாய்கூடத் தலை தூக்கவில்லை.
என் காதுக்குள் மட்டும்
ஒரு சுருள்கம்பி
கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது.
டப்பாவில் துளை,
குறிவைத்த மீனின் கண்ணுக்கு நேர் கீழே, வாலில்.
தொலைநோக்கி மேல்மாடி, குழல் கீழ்மாடி.
இரண்டும் ஒத்துப்போக
ஒரு மாலை ஆனது.
கடைசி ஐந்து குண்டுகளும்
ஒரே ஐந்து ராண்ட் நாணயத்துக்குள்.
நானே கைதட்டிக்கொண்டேன்.
வேறு யாரும் இல்லை.

எட்டு மணிக்கு லோட் ஷெட்டிங்.
கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவே
டார்ச்சுக்குச் சிவப்புத்தாள் சுற்றி உட்கார்ந்தேன்.
வந்தது.
உத்தரத்தின் மேல், அவசரமில்லாமல்,
வாடகை வசூலிக்க வந்தவர் மாதிரி.
மக்காச்சோள மூட்டையில் இறங்கி
ஒரு மணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.
மூச்சை நிறுத்தினேன்.
குறுக்குக்கோடு அதன் காதுக்குக் கீழே.
சொதசொதப்பு, கம்பி, கேட்கிறதா, கேட்கிறதா,

ஃபுஸ்.

குண்டு எங்கோ
மூட்டைமேல் மெத்தென்று விழுந்த ஓசை.
முள் அறுபதில் நின்றது.
சாயங்காலமே ஊர்க்காற்று முழுவதையும்
மீன் டப்பாவுக்குக் கொடுத்துத் தீர்த்திருக்கிறேன்.

எழுந்தேன்.
பம்ப்பை மிதித்து நின்று
ஒன்று. இரண்டு. மூன்று.
எலி பார்த்துக்கொண்டிருந்தது.
முப்பத்தெட்டில் கரண்ட் வந்தது.
குழல்விளக்கு இரண்டுமுறை கண்சிமிட்டிப் பிடித்துக்கொள்ள
வியர்த்து, முடி கலைந்து, பாதி குனிந்து நான்;
எதிரே அது.

கையிலிருந்த மணியை
அது கீழே வைக்கவில்லை.