கரண்டு போன நேரம்

நகரியில் எங்கள் தெருவுக்கு
நகராட்சி நோட்டில் ஏதோ ஒரு எண்.
நாங்கள் சொல்வது பாவுத் தெரு.
பாவு நீட்டுவது இருக்கட்டும்,
கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர்.
இரண்டு பக்கமும் தறி.
மோட்டார் ஓடும் வரைக்கும்
பேச்சு என்பது உதட்டைப் பார்ப்பது.

பைபாஸுக்கு அந்தப் பக்கம் லேஅவுட்.
அதன் நடுவில் பூங்கா.
கேட்டில் தெலுங்கில் எழுதியிருக்கும்:
நிவாசுலகு மாத்ரமே.
தமிழில் எழுதவில்லை.
எழுதாமலே எங்களுக்குப் புரியும்.

செங்கல்வராயன் அங்கே வாட்ச்மேன்.
எனக்கு ஏழு வீடு தள்ளி இருப்பவன்.
பொங்கல் லீவில் யாமினியைச்
சைக்கிளோடு கூட்டிப்போனேன்.
கேட்டை மறித்து நின்று
தெலுங்கில் விரட்டினான்.
வீட்டில் அவன் பேசுவது தமிழ்.
ராத்திரி என் வாசலுக்கு வந்தான்.
"பதினெட்டு பெஞ்ச் இருக்குடா,
எல்லாத்திலயும் செத்தவங்க பேரு.
உக்கார ஒரு ஆள் வர்றதில்ல" என்றான்,
அதுதான் அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு.

எங்களுக்கு இடம் கிடையாது.
கரண்டு போனால்
கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

சத்தம் நின்றதும் முதலில் காது வலிக்கும்.
அப்புறம் ஒவ்வொரு வாசலாக
ஆட்கள் உதிர்வார்கள்.
முனிலட்சுமி முறத்தில் பூண்டோடு வருவாள்.
கஜேந்திரன் சீட்டுக் கணக்கை
இருட்டிலேயே ஒப்பிப்பான், தப்பில்லாமல்.
மொகிலியின் தங்கையைக் கேட்டு வந்தவர்கள்
நின்றபடியே சம்மதம் சொன்னது
இந்த டிரான்ஸ்பார்மர் அடியில்தான்.
அவன் அப்பாவைக் கிடத்தியதும் இங்கேதான்.
அன்று பாதியில் கரண்டு வந்துவிட்டது.
தெரு விளக்கு முகத்தில் அடித்தது.
ஒருத்தரும் சுவிட்சைத் தொடவில்லை.

ஆனால் கூலி மீட்டர் கணக்கு.
ஒரு மணி நேரம் தெருவில் நின்று பேசினால்
எனக்கு நாற்பது ரூபாய் போச்சு.
லேஅவுட் பூங்காவில்
நுழைவு இலவசம்.

யாமினி சைக்கிள் பழகியது
ஒன்பது மின்வெட்டில்.
முதல் நாலும் விழுவதற்கே சரியாய்ப் போயின.
விளக்கில்லை, மணி மட்டும் உண்டு.
மணி கேட்டால்
தெருவே சுவரோடு ஒட்டிக்கொள்ளும்,
கர்ப்பிணி, கிழவன், வாளி எல்லாம்.
ஒருமுறை டிரான்ஸ்பார்மர் வரை போய்விட்டாள்.
யாரோ விசிலடித்தார்கள்.
தூரத்தில் பூங்கா,
ஜெனரேட்டர் வெளிச்சத்தில்
புல்லுக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது.

சித்திரையில் புது சப்ஸ்டேஷன் திறந்தார்கள்.
இப்போது கரண்டு போவதே இல்லை.
சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.
வட்டி அடைகிறது.
முனிலட்சுமிக்கு ஆண் குழந்தை பிறந்ததை
உதட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன்,
பெண் என்று தப்பாக.

சைக்கிள்
தறிக்கும் சுவருக்கும் நடுவில்,
ஹேண்டில் மடித்து நிற்கிறது.
நேராக ஓட்ட அவளுக்குத் தெரியும்.
திருப்பத்தான் தெரியாது.
அதற்கு இன்னும்
இரண்டு மின்வெட்டு வேண்டியிருந்தது.