கால் அங்குலம்

மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில்
ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவு.
லாரிக்கு வழிவிட வண்டியைப் பின்னெடுக்க
விசில் ஊதிக்கொண்டே இறங்கியவன்
ஓடைக்குள்ளும் இறங்கிவிட்டேன்.
விசில் வாயிலேயே இருந்தது.
வலது கால்தான் இரண்டானது.

ஆறு வாரம் மாவுக்கட்டு.
ஜன்னலை மூடியது மஞ்சு.
ஓட்டில் எத்தனை விரிசல் என்று
மூன்றாம் முறை சொன்னபோது
"எண்ணியது போதும், எதையாவது தை" என்று
தேயிலை ஃபேக்டரிக்குக் கிளம்பினாள் பிலோமி.
கோபத்தில் சொன்னாள்.
நான் தைக்கத் தொடங்கினேன்.

பெட்போர்டு ஹபீபுல்லா கடையில்
வெட்டுத்துண்டு மூட்டை நாற்பது ரூபாய்.
டிரைவர் போஜராஜ் தூக்கிவந்து கொட்டினார்:
கான்வென்ட் சட்டையின் நீலக் கட்டம்,
நைட்டியின் ஊதாப்பூ,
யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டு லைனிங்
(வழுக்கும். முதல் போர்வைக்கு வேண்டாம்),
கொஞ்சம் காக்கி, என் சாதி.

வெட்டுமுன் அலச வேண்டுமாம்.
ஜூலையில் குன்னூரில் அலசியது
எப்போது காயும் என்று கேட்பவர் வெளியூர்க்காரர்.
ஃப்ரிட்ஜின் முதுகில் காயவைத்தேன்.
ஒரு சிவப்பு சாயம் விட்டதில்
வெள்ளைகள் எல்லாம் வெட்கப்பட்டன.

பிஸ்கட் பெட்டி அட்டையில்
நாலுக்கு நாலு அங்குலம் ஒரு சதுரம்.
கோடு போடத் தேய்ந்த சோப்பு.
குண்டூசிக்குப் பதில் தர்ஷிகாவின் தலைக்கிளிப்.
அதற்கு வாடகை உண்டு.
இடது காலுக்கு மிதிக்கத் தெரியாது,
மெஷின் பின்னால் ஓடி நூலை அறுத்தது.
சக்கரத்தைக் கையால் சுற்ற அவளே வந்தாள்,
ஒரு தையலுக்கு ஒரு ரூபாய்.
பாஸ் கிடையாது என்றாள்.

மூலைகள் சந்திக்கவே இல்லை.
கொலக்கம்பை பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது
கிளம்பிப்போகும் பஸ் மாதிரி
ஒரு நூலிழையில் தப்பின.
பிரித்தேன். தைத்தேன். பிரித்தேன்.
பிறகுதான் பிடிபட்டது:
ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கம் படுக்கவை,
அடுத்ததை வலப்பக்கம்.
மலைப்பாதையில் எதிர்வண்டிக்கு ஒதுங்குவதுபோல்
இரண்டும் உரசி நின்று பூட்டிக்கொள்ளும்.

அடியில் பொங்கலுக்கு ரேஷனில் வந்த வேட்டி,
நடுவில் அந்துப்பூச்சி மிச்சம் வைத்த கம்பளி,
மேலே என் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சதுரங்கள்.
மூன்றையும் சேர்த்து
நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைக்க வேண்டும்.
ஓரத்தில் தொடங்கினால்
சுருக்கமெல்லாம் நடுவில் வந்து நிற்கும்,
உள்ளே போங்க, உள்ளே போங்க என்று கத்தினாலும்
நகராது.

நீளத்துக்குப் பதினாறு சதுரம்,
நாலு பதினாறு அறுபத்து நாலு.
பிலோமி அறுபத்தொன்று.
மூன்று அங்குலம் மீதி வரும்,
முகம் வரைக்கும் இழுத்துக்கொள்ளலாம்.
விரித்து அளந்தேன்.
ஐம்பத்தாறு.

பதினெட்டு வருஷம் கணக்கு ஒப்படைத்தவன் நான்,
கலெக்ஷனில் எட்டு அங்குலம் குறைகிறது!
இரவெல்லாம் தேடினேன்.
திருப்பிப் பார்த்தால்
தையலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது:
இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால்,
துண்டுக்கு அரை.
இணைகிற இடமெல்லாம் கொஞ்சம் தின்றுவிடுகிறது.
அதை யாரும் முதலில் சொல்வதில்லை.
சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள்
ஒன்றும் சொல்லாமல் இழுத்துப் போர்த்தினாள்.
தூங்கியும் போனாள்.
போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள்,
குதிகால் வெடிப்பில் தேயிலைத் தூள்.
என் மாவுக்கட்டுக்குப் போட்ட சாக்ஸை
அதில் மாட்டிவிட்டேன்.
ஒன்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை டூட்டியில் சேர்ந்தேன்.
இன்னும் இரண்டு வரிசை வேண்டும்,
இருபத்து நாலு துண்டு.
மூட்டையில் லைனிங் மட்டும் மிச்சம்.
ஏழாம் சீட்டுக்காரர் லுங்கியின் பச்சையைக்
கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன்.
என்னங்க என்றார்.

ஒன்றுமில்லை அண்ணே,
சில்லறை இருந்தால் கொடுங்கள்.