மெல்ல மெல்ல

ஹாப்சலு படகுத்துறையில், மூன்றாம் மிதவைப் பாலத்தருகே
மூழ்கிக் கிடந்தது ஊர்மஸின் படகு.
பாய்மரம் மட்டும் வெளியே,
விடை தெரிந்த பையன் தூக்கிய கை மாதிரி.

"அன்று ராத்திரி பேய்க்காற்று" என்றார்.
எழுதிக்கொண்டேன்.
புயல் என்றால் பணம் உண்டு.
தீ, திருட்டு, இடி,
குடித்துவிட்டு எவனோ வந்து மோதினாலும் உண்டு.

துறை அலுவலகத்துக் காற்றுமானி
அந்த இரவு முழுக்கத் தூங்கியிருக்கிறது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

கிரேன் தூக்கி முடிக்க மதியமானது.
உள்ளே இறங்கித் துழாவினேன்.
கழிவறைக் குழாயின் கவ்வி,
இரண்டு யூரோ இரும்பு வளையம்,
தொட்டதும் பிஸ்கட்டாய் உதிர்ந்தது.
எத்தனை கோடையாய்ச் சொட்டியதோ.

பக்கம் பதினொன்று, பொடி எழுத்து:
துரு, மக்கல், தேய்மானம்,
மெல்ல மெல்ல நேரும் எதுவும்
காப்பில் சேராது.

கண்ணாடி போட்டு இருமுறை படித்தார்.
"மெல்ல மெல்ல நேராதது எது?"
கோபமில்லை. மீன் விலை கேட்கும் குரல்.
பலகைமேல் லேலோ
நனைந்த சீட்டுக்கட்டை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக்
காயவைத்துக்கொண்டிருந்தாள்.

கிரேன் வாடகை கிடைக்கும் என்றேன்.
மூழ்கியதை அப்புறப்படுத்தும் செலவு
வேறொரு பிரிவில் வருகிறது.
படகுக்கு இல்லை,
அது வழியை அடைத்ததற்கு.
ஊர்மஸ் சிரித்தேவிட்டார்.

சாயங்காலம் என் படகுக்குப் போனேன்.
மெத்தையை விலக்கிக் கைவிட்டுக்
குழாயடியைத் தடவினேன்.
ஈரம்.

காலையிலிருந்தே நனைந்த கை.
எதன் ஈரமென்று
சொல்ல முடியவில்லை.