உள்தாழ்ப்பாள்

பீடோர் பழைய ரோட்டில்
டயர் கடைக்கு அடுத்த கொட்டகை.
வாசக் கதவுக்கு கிரில் என்றேன்.
குணராஜா சாயங்காலமே வந்தார்,
அளவு நாடா, காதில் ஒரு சாக்கட்டி.

மூணடி ரெண்டங்குலம்.
பூ வைக்கவா, வேல் வைக்கவா?
ஒன்றும் வேண்டாம்.
தாழ்ப்பாள்?
உள்பக்கம் மட்டும்.
சாக்கட்டி கொஞ்சம் நின்றது.

சனிக்கிழமைதோறும்
என் வீட்டுக்காரரோடு சம்சு குடிப்பவர்தான் இவரும்.
எண்ணூறு வெள்ளி என்றார்.
செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய காசில்
முந்நூறு எண்ணிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை லோரியில் கொண்டுவந்து
பற்றவைத்தார்.
வெளிச்சத்தைப் பார்க்காதீங்க என்றார்.
பார்த்தேன்.

எல்லாம் முடிந்தபின், நான் கேட்காத ஒரு தகடு
தாழ்ப்பாளுக்கு நேராக.
"வெளியிலேருந்து கை நுழையும். அதான்."
அதைக் கணக்கில் எழுதவில்லை.
இருட்டும்வரை நின்று சிவப்பு அடிச்சாயம் பூசிவிட்டுப் போனார்.

ராத்திரி கண்ணுக்குள் மணல்.
நீராய்க் கொட்டியது,
அழுகை என்று யாரும் சொல்ல வேண்டாம்.
பதினொன்றரைக்கு கிரில் அதிர்ந்தது.
என் பெயர் ரெண்டு தரம்.
அப்புறம் தகட்டில் விரல்கள் தடவித் தடவி
வழி தேடும் சத்தம்.

விடிந்ததும் பார்த்தேன்:
காயாத சாயத்தில் நாலு கோடு.
மேல்பூச்சுக்கு டின் வாங்க வேண்டும்.
மீதி ஐந்நூறு, மாசக் கடைசியில்.