நாலாம் படுக்கையின் மணி

பர்வானியாவில் மூன்றாம் ஷிப்ட்.
வெளியே புழுதிக்காற்று.
தெருவிளக்குகளுக்கெல்லாம் மஞ்சள் காமாலை.
உள்ளே பன்னிரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள்
பன்னிரண்டு பேரின் இரத்தத்தை வாங்கி
கழுவித் திருப்பித் தருகின்றன.
குழாய் மடங்கினால் மணி.
காற்றுக்குமிழுக்கு ஒரு மணி.
ஒன்றுமே இல்லாவிட்டாலும் மணி.
பதினோரு வருடத்தில் என் விரல்
கண்ணைக் கேட்காமலே அமுக்கப் பழகிவிட்டது.

ஆண்டவரே, அதைச் சொல்லத்தான் முழங்காலிட்டேன்.
ஆனால் முதலில் தவணையைச் சொல்லிவிடுகிறேன்,
இல்லாவிட்டால் ஜெபத்தின் நடுவில் வந்து நிற்கும்.
வள்ளியூர் பைபாஸில் ஒரு மனை,
ஏழாம் தேதிக்குள் கட்டவேண்டும்.
அயர்லாந்துக்கு ஆங்கிலப் பரீட்சை,
எழுத்தில் மட்டும் இருபது மார்க் குறைந்தது.
ஹாஸ்டலிலிருந்து ஜோவானா அனுப்பிய குரல்செய்திகள்
ஆறு கேட்காமல் கிடக்கின்றன.
மங்காஃபில் வேலை செய்யும் என் கணவரை
செவ்வாய்க்கிழமைகளில் பார்க்கிறேன்,
பார்த்ததும் இருவரும் தங்கத்தின் விலை பேசுகிறோம்.

இதில் எது பாவம் என்று கேட்டால்
எதுவும் இல்லை.
அதுதான் சிக்கல்.

பத்தொன்பது வயதில் கை தூக்கினவள் நான்.
நர்சிங் ஹாஸ்டல் ஜெபக்கூட்டத்தில் கரண்ட் போயிருந்தது,
பக்கத்தில் இருந்தவளுக்குக்கூடத் தெரியாது.
நோயாளிகளிடம் போ என்றீர்,
இடம் சொல்லவில்லை.
ஒடிசா என்று நான் நினைத்தேன்,
அப்பாவின் கடன் குவைத் என்றது.
இரண்டே வருடம், பிறகு உம்முடைய வேலை என்று
விமானத்தில் பெல்ட் போடும்போது சொன்னேன்.
உம்முடைய வேலை ஏதோ வேறு கட்டிடத்தில் நடப்பதுபோல.

போன புதன் இரவு, பத்து நாற்பது.
கைப்பேசியில் ஏஜென்ட்.
பரீட்சைக்குத் தேதி கிடைத்துவிட்டது, இப்போதே பணம் கட்டுங்கள் என்கிறான்.
நாலாம் படுக்கை மணி அடித்தது.
நடந்துகொண்டே அமுக்கினேன்.
மறுபடி அடித்தது.
மறுபடி அமுக்கினேன்.
மூன்றாவது தடவை அடிக்கும்போது
கார்டு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தில் இருந்தேன்.

ஊசி நழுவியிருந்தது.
போர்வைக்குக் கீழே மெத்தை முழுக்க ஈரம்.
அந்த மனிதர் விழித்துத்தான் இருந்தார்,
கத்தவில்லை.
வேலையாக இருக்கிறாளே, தொந்தரவு வேண்டாம் என்று
என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

பிழைத்துக்கொண்டார்.
அறிக்கையில் உண்மையை எழுதினேன்,
நேரத்தைக்கூட மாற்றவில்லை.
அதன்பின் ஸ்டோர் ரூமில்
உப்புநீர்ப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து
எத்தனை மணிகளை இப்படி அமுக்கியிருப்பேன் என்று
எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆராதனை.
எங்களுக்கு முன்னால் மலையாளம், பின்னால் பிலிப்பினோ.
ஒன்றேகால் மணி நேரத்துக்குள் உம்மைத் துதித்து
நாற்காலியையும் அடுக்கிவிட வேண்டும்.
பாஸ்டர் பேசும்போது பையில் கைப்பேசி அதிர்ந்தது.
எடுக்கவில்லை.
பிறகு எடுத்தேன்.
பெரிய ஜெயம் ஒன்றுமில்லை ஆண்டவரே, நீரே பார்த்தீர்.
தங்கம் கிராமுக்கு அரை தினார் இறங்கியிருந்தது.

பரீட்சை எழுதுவேனா, தெரியாது.
மனையை விற்கச் சொல்வீரா, அதுவும் தெரியாது.
இன்று தெரிந்தது இவ்வளவுதான்.

ஷிப்ட் தொடங்குமுன் கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.
நாலாம் படுக்கையிடம் போனேன்.
இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள்
நான் ஊசி குத்தும் கை அது.
கோப்பைப் பார்க்காமல்
எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் அவரிடமே கேட்டேன்.

முன்தஸிர், என்றார்.
சூடான், என்றார்.
பிறகு, கொஞ்சம் யோசித்து,
உன் பெயர் என்ன சிஸ்டர், என்றார்.
ஹெப்சிபா என்றேன்.
வாயில் நுழையாமல் இரண்டு தடவை தப்பாகச் சொன்னார்.

மூன்றாவது தடவை சரியாக அழைத்தார்.
ஏனோ உடனே திரும்பிப் பார்த்தேன்,
எதிரில்தான் நின்றிருந்தும்.