முப்பத்து மூன்று

போர்கார்னஸ் பெட்ரோல் நிலையம் தாண்டியதும்
அந்த மின்பலகை.
காற்று இருபத்தொன்று, வீச்சு முப்பத்து மூன்று.
வினாடிக்கு, மீட்டரில்.
"பதினோரு கிலோமீட்டர்தானே, ஸ்டெய்ன்வோர்" என்றான் பெர்கர்.
குதிரையை வாங்குகிறவர் நாலு மணிக்கு வந்து நிற்பார்.

நான் திரும்பிவிட்டேன்.
நிலையத்துச் சுவரின் மறைவில்
டிரெய்லரைப் பின்னால் தள்ளி ஒண்டவைத்தேன்.
ஸ்டியரிங்கின் அடியைப் பிடித்தால்
கை போகும் பக்கமே அதுவும் போகும்.
மேலே பிடித்தவர்கள்தான்
வேலியை இடித்துவிட்டு அதோடு சண்டை போடுகிறார்கள்.

இறங்கி, காலையில் பார்த்ததையே
இன்னொரு முறை பார்த்தேன்.
குமிழைக் கவ்விய கொக்கி.
அதன் பக்கத்தில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத
இரும்புக் கயிறு.
எல்லாம் கைவிட்ட பிறகு அதற்கு ஒரே வேலை:
பிரேக்கை இழுத்துவிட்டு, அறுவது.
உள்ளே மோரா, இடப்பக்கம்.
ஒற்றைக் குதிரை என்றால் சாலையின் முதுகுப் பக்கமே கட்டுவேன்.
அவள் என் சட்டைப்பையை முகர்ந்தாள். ஒன்றுமில்லை.

"உனக்குப் பயம்."
"ஆமாம்."

மூன்று வருடம் முன்பு, வைக்கோல்.
அவசரத்தில் கனத்தையெல்லாம் பின்கதவருகே அடுக்கிவிட்டேன்.
இறக்கத்தில் வால் ஆடத் தொடங்கியது.
பிறகு வால் நாயை ஆட்டியது.
கால் பிரேக்கைத் தேடுகிறது, கால் ஒரு முட்டாள்.
ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன்,
ஸ்டியரிங்கைத் திருத்தாமல், கெஞ்சாமல், நேரே பிடித்தேன்.
ஏழெட்டு ஆட்டம்.
நின்றபிறகு ஒரு மூட்டை ஓடையில் மிதந்து போனது,
ஒரு வாத்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தது.
இதை பெர்கரிடம் சொன்னதில்லை.
அந்த மூட்டைக்கும் பணம் கொடுத்தவன் அவன்.

ஒரு பால் டேங்கர் மலையடியை நோக்கிப் போனது.
"பார், அவன் போகிறான்!"
அவன் நிறைய பால் வைத்திருக்கிறான்.
நம்முடையது ஒரு குதிரை நிற்கும் பாய்மரம்.

நாலு மணி. போன். வாங்குகிறவர் சொன்ன வார்த்தையை
மோராவின் முன்னால் திருப்பிச் சொல்ல முடியாது.
ஆறு மணி, முப்பத்தொன்று.
பெர்கர் இரண்டு ஹாட் டாக் தின்றான்,
மூன்றாவதை என்னிடம் நீட்டினான், பேசாமல்.
பொரித்த வெங்காயம் காற்றில் பறந்தது.
பத்து மணி, இருபத்தாறு.

இரவு ஒன்று இருபதுக்குப் பலகை ஒன்பது என்றது.
அறுபதில் போனேன்.
மலையின் கீழே, எங்கிருந்தோ மிச்சமாய் ஒரே ஒரு அடி.
பின்னால் மோரா கால் மாற்றி ஊன்றினாள்,
அது என் இடுப்பில் வந்து தெரிந்தது.
விரல்களைத் தளர்த்தி, காத்திருந்தேன்.

பெர்கர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்,
தாடியில் கடுகுச் சாந்து.