இதர

அடிவாரச் சோதனைச் சாவடியில்
என் மேசைக்கு மூன்று தேக்குக் கால்.
நாலாவது மூங்கில்.
மேலே பதிவேடு: மரம், செடி, கொடி, புல், இதர.
இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி இறங்கும் மலை
இந்த ஐந்து கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

காலையில் வாழைத்தார் டெம்போ.
செடி என்று எழுதினால் டிரைவர் சிரிப்பார்.
மரம்.
காப்பி மூட்டை. விட்டால் ஓட்டைத் தொடும்;
கவாத்துக் கத்திக்குப் பயந்து செடியாக இருக்கிறது.
சில்வர் ஓக் லாரி,
பட்டையெல்லாம் மிளகுக் கொடி பற்றியிருந்த தழும்பு.
கல்பாசி, லீ பஜாருக்கு.
வேரில்லை, இலையில்லை, வாசனை மட்டும்.
இதர.

மதியம் பேருந்தைச் சோதித்தபோது
கடைசி சீட்டில் ஜெசிந்தா, தாவரவியல் ஆராய்ச்சி மாணவி.
மடியில் இரண்டு பிளைவுட் பலகை,
நடுவே பழைய செய்தித்தாள், பெல்ட் போட்டு இறுக்கிய கட்டு.
அவிழ்க்கச் சொன்னேன்.

‘லாரி கவிழ்ந்து இருவர் பலி’க்கு மேல் ஒரு பெரணி.
முதுகெல்லாம் துருப்பிடித்த புள்ளி.
“பூக்காது சார், காய்க்காது. அந்தத் துருதான் பிள்ளை.”
எந்தக் கட்டம்?
பூப்பது, பூக்காதது என்று ஒரு கோடு கிழிப்பார்களாம்.
பூப்பதற்குள் இன்னொரு கோடு:
மொச்சை மாதிரி இரண்டாய்ப் பிளப்பது,
நெல் மாதிரி பிளக்காதது.

நெல்லின் பக்கம்தான் தென்னையாம்.
வெட்டியவனுக்குத் தெரியும்,
மரத்துக்கு வைரம் நெஞ்சில்.
தென்னைக்குத் தோலில்; உள்ளே வெறும் சோறு.
அப்படியென்றால் என் கிணற்றடியில் நிற்பது
நாற்பதடிப் புல்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு
என்னையே பார்க்கிறார்.

“மூங்கிலும் புல்தான் சார்.”
தெரியும்.
செம்மடுவு சடையாண்டி
ஆட்டுப்பட்டி அடைக்கத் தன் பட்டாவில் வெட்டிய
பதினோரு மூங்கிலை
மரம் என்று எழுதிப் பிடித்தவன் நான்.
அன்றைக்குச் சட்டத்தில் மூங்கில் மரம்.
பிறகு டில்லியில் ஒரு வார்த்தையை அடித்தார்கள்,
பட்டா நிலத்து மூங்கில் புல்லாகிவிட்டது.
சடையாண்டியின் அபராத ரசீது மட்டும்
இன்னும் மரத்துக்கானது.
பத்து மூங்கில் ஏலத்தில் போயிற்று.
மிச்சம் ஒன்றின் மேல்தான்
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த தாளில் சந்தனக் கொப்பு.
கேட்பதற்கு முன்பே அனுமதிக் கடிதத்தை நீட்டினாள்.
இதற்காகத்தானே இந்தச் சாவடி,
இந்தத் தடுப்புக் கம்பு, என் தூக்கமில்லாத ராத்திரிகள்.
“இதோட வேர் பக்கத்துச் செடி வேரைக் கவ்விக் குடிக்கும் சார்.”
இருபத்திரண்டு வருடம்
திருடனிடமிருந்து ஒரு திருடனைக்
காத்திருக்கிறேன்.

விசில் ஊதியாகிவிட்டது.
மொத்தக் கட்டையும் இதரவில் தள்ளப் போனேன்.
“இதரன்னு ஒண்ணும் கிடையாது சார்.
எல்லாத்துக்கும் ஒரு குடும்பம் இருக்கு.”

கடைசித் தாளில் ஒரு விரல் நீளத் தண்டு, மூன்று இலை.
சீட்டில் பென்சில் எழுத்து:
சேர்வராயன் கோயில் பாதை, பாறை இடுக்கு, ஈரம்,
ஆகஸ்ட் இருபத்தைந்து.
குடும்பம் என்ற இடத்தில் வெறும் கோடு.
பெயர் என்ற இடத்திலும்.

“இதுக்கு?”

பெல்ட்டை இழுத்து மாட்டினாள் ஜெசிந்தா.
“பூக்கட்டும் சார்.”

கட்டத்தைக் காலியாக விட்டுத்
தடுப்பை உயர்த்தினேன்.